துளி விழாத ஏரி

வரைபடத்தில் பெயரில்லாத அந்த ஏரியின் நடுவில் கயாக் படகு அசைவற்று நின்றதும், முன்னால் உட்கார்ந்திருந்த தங்கை சுபத்ரா கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள். "அக்கா, ஒரு சொட்டு விழுந்தாலும் மலை கலைஞ்சிடும்," என்றாள். தண்ணீருக்குள் மலை தலைகீழாக, மேலே இருப்பதைவிடத் தெளிவாக நின்றது. பின்னாலிருந்த வைதேகி துடுப்பின் ஒரு முனையை மடியில் ஊன்றி, மறுமுனையை வானத்துக்குத் தூக்கினாள். அதில் ஒட்டியிருந்த நீர் கம்பு வழியாக இறங்கி, முழங்கையில் ஓடி, மடியில் சேர்ந்தது. ஏரிக்கு ஒரு துளிகூடக் கொடுக்கவில்லை அவள். தோள் கடுத்தது. மூக்கு நுனியில் ஒரு கொசு உட்கார்ந்து ஆற அமரக் குடித்துவிட்டுப் போனது. தங்கை அவசரப்படவே இல்லை. முடிந்ததா என்று வைதேகியும் கேட்கவில்லை.

கண்காட்சியில் அந்தப் படம் ஒரு சுவரையே எடுத்துக்கொண்டது. வந்தவர்கள் சுபத்ராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்த வைதேகியிடம் ஒருவர், "நீங்களும் கூடப் போயிருந்தீங்களாமே, படத்துல எங்கயும் காணோமே," என்றார்.

அவள் படத்தின் கீழ்ப்பாதியைக் காட்டினாள்.

"தண்ணி அசையாம இருக்குல்ல, அது நான்தான்."