மேனேஜர் மட்டும் ஃபெயில்

"எல்லாரும் பாஸ். நான் மட்டும் ஃபெயிலா?"

மேனேஜர் சௌந்தரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை மறுபடியும் பார்த்தார். சிவப்பு எழுத்து அப்படியேதான் இருந்தது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற மில் அது. இந்தத் தடவை ஜெர்மனிக்காரன் புதுசாக ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். மில்லில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் சுற்றுச்சூழல் பாதுகாப்பை ஆன்லைனில் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். மேனேஜர் கட்டாயம் பாஸாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது.

தறியை நிறுத்திவிட்டு எவன் உட்கார்ந்து படிப்பான்? சௌந்தரபாண்டியன் சுலபமாக ஒரு வழி பண்ணினார். ஆபீசில் டைப் அடிக்கிற ஹெப்சிபாவைக் கூப்பிட்டார்.

"எல்லார் பேர்லயும் நீயே எழுதிரும்மா. என் பேரையும் சேத்துக்கோ."

அந்தப் பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். பஸ்ஸிலும் காதில் இயர்போன்தான். வீடியோவைச் சும்மா ஓட விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். அவளோ பாடத்தை ஒரு வரி விடாமல் கேட்டாள்.

"பாடம் நல்லாருக்கு சார். நீங்களும் செத்த நேரம் கேக்கலாம்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கா? காலேஜ்ல நான் படிக்காததையா அவன் சொல்லிறப் போறான்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அவர்.

இப்போது பார்த்தால், வாட்ச்மேன் மொக்கைச்சாமி பாஸ். கைநாட்டு வைக்கிற பெத்தம்மாள் நூற்றுக்கு நூறு. பி.டெக். படித்த மனுஷன் ஃபெயில். ஊர் கேட்டால் சிரிக்காதா?

சிரித்தால்கூடப் பரவாயில்லை. மறுபடி எழுத ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமாம். ஜெர்மனிக்காரன் நாளை மறுநாள் கையெழுத்துப் போட வருகிறான். அவனுக்குக் கொடுக்க முதலாளி பால்கோவாவுக்குக்கூடச் சொல்லிவைத்துவிட்டார். ஆர்டர் கைவிட்டுப் போனால் கூடவே தன் வேலையும் போய்விடும் என்று சௌந்தரபாண்டியனுக்குத் தெரியும். முதலாளி அதிலெல்லாம் முகம் பார்க்கிற ஆளில்லை.

"ஹெப்சிபா, இங்க வா."

வந்து நின்றாள்.

"என் பரீட்சையைத் திற. என்னத்தை எழுதிவெச்சிருக்கன்னு பாப்போம்."

திறந்து காட்டினாள். அவரே சத்தமாக வாசித்தார்.

"துணி வெளுத்த கழிவுநீரை என்ன செய்ய வேண்டும்? நீ எதுக்கு டிக் போட்டிருக்க? 'பக்கத்து ஓடையில் திறந்துவிட வேண்டும்.' ஏம்மா, எந்த மடையனாவது இதுக்கு டிக் போடுவானா?"

ஹெப்சிபா அடுத்த கேள்வியைத் திறந்தாள்.

"அடுத்தது பாரு. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை எப்போது ஓட்ட வேண்டும்? 'அதிகாரிகள் வரும் நாளில் மட்டும்.' வெளங்கிரும். இதைப் படிச்சா அவன் நம்மளைப் பத்தி என்ன நெனைப்பான்?"

அவள் அடுத்ததற்குத் தள்ளினாள்.

"நூல் சுத்துற பிளாஸ்டிக் கோன் உடைஞ்சா என்ன செய்யணும்னு கேட்டிருக்கான். 'பின்பக்கம் குவித்துக் கொளுத்த வேண்டும்.' ஒண்ணாப்புப் பிள்ளைகூட இதைச் சரியாச் சொல்லுமே."

சௌந்தரபாண்டியன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"இதே கேள்விக்கு மொக்கைச்சாமி பேர்ல சரியா எழுதியிருக்க. பெத்தம்மா பேர்லயும் சரியா எழுதியிருக்க. எனக்கு எழுதும்போது மட்டும் தூங்கிட்டியா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா."

"தூங்கலை சார்."

"பொறவு?"

ஹெப்சிபா குரலை உயர்த்தவில்லை.

"அவிய பேர்ல எழுதும்போது பாடத்துல சொன்னதைப் போட்டேன் சார். உங்க பேர்ல எழுதும்போது, நீங்க தெனமும் எங்களைச் செய்யச் சொல்றதைப் போட்டேன்."