ஸ்தானே வீட்டு ஆணி

2009 மார்ச் 14, மான்டினெக்ரோவின் செட்டினே நகரம். முப்பது வருடம் தேடிய காசர் என்ற பழங்கால ரிவால்வரை, பழைய ஆயுதங்கள் சேர்க்கும் மிலுட்டின், ஸ்தானே என்ற விதவையிடம் வாங்கினார். மாலை முழுக்க ஆசையாக எண்ணெய் போட்டுத் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

காலையில் அலமாரி காலி. ரிவால்வர் ஸ்தானே வீட்டில், குடும்பத்து ஆண்பிள்ளையின் ஆயுதம் மாட்டும் ஆணியில் தொங்கியது.

"என் புருஷன்கூட இவ்வளவு ஒழுங்கா வீடு திரும்பினதில்ல தம்பி," என்றாள்.

மறுநாளும் அப்படியே. ஆணியைப் பிடுங்கி வந்து தன் சுவரில் அடித்தார். ஆணியும் சேர்ந்து திரும்பியது.

"அக்கா, இது எனக்கு வேணும்க்கா."

"நானா புடிச்சு வெச்சிருக்கேன்? கொண்டு போ."

அன்று ரிவால்வரை மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு தன் கட்டிலில் படுத்தார். விடிந்தபோது அந்த ஆணிக்குக் கீழே, காலணியோடு உட்கார்ந்திருந்தார். ஸ்தானே இரண்டு பேருக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தாள்.