ராகவிக்குப் பூஜ்யம்

"மறுபடியும் பூஜ்யம்!"

ஆனந்தவல்லி டீச்சர் டேப்லெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரான பாபடோயிட்டோயில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. பிள்ளைகள் வீட்டில் தமிழே பேசுவதில்லை என்று எல்லோரும் அங்கலாய்த்தபோது, கமிட்டியில் இருந்த மதன்குமார்தான் இந்த வேலையைப் பார்த்தான். ஐ.டி.க்காரன் சும்மா இருப்பானா? ஒரு ஆப் செய்து, ஆளுக்கொரு டேப்லெட்டில் போட்டுக் கொடுத்துவிட்டான். வாராவாரம் வீட்டில் யாரோடாவது ஐந்து நிமிஷம் தமிழில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். ஆப்பே கேட்டு மார்க் போடும். டெர்ம் முடிவில் பாஸ் ஆகாத பிள்ளை, மழலை வகுப்புக்குப் போய்ப் பொடிசுகளோடு உட்கார்ந்து 'அ, ஆ'விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டெர்ம் இன்றோடு முடிகிறது. பாஸ் ஆகாதது ஒரே ஒருத்தி. இந்த டெர்ம்தான் புதிதாகச் சேர்ந்த எட்டு வயசு ராகவி.

"மதன், உங்க ஆப்ல ஏதாவது கோளாறா?"

"சான்ஸே இல்ல மேடம். ரெக்கார்டிங் எல்லாம் முழுசா இருக்கு. அந்தப் பொண்ணு பேசவே இல்ல. பட்டனை அமுக்கி வச்சிட்டு சும்மா உக்காந்திருக்கு."

அதுதான் டீச்சருக்குப் புரியவில்லை. ஏமாற்றுகிற பிள்ளை இப்படியா ஏமாற்றும்? கதிரைப் பாருங்கள், டிவி சீரியலை ஓடவிட்டே தொண்ணூறு வாங்கிவிட்டான். மாமியாரும் மருமகளும் போடுகிற சண்டை அப்படியே கேட்கிறது. அவன் அப்பா கோதண்டராமன் கமிட்டித் தலைவர். டீச்சர் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ராகவியின் பதிவை இயர்போன் மாட்டி மறுபடியும் கேட்டாள். குக்கர் விசில். நாற்காலி இழுபடுகிற சத்தம். தட்டில் கரண்டி உரசுகிறது. பேச்சு மட்டும் இல்லை. அப்புறம் திடீரென்று ஒரு பொம்பளை வாய்விட்டுச் சிரிக்கிறாள்!

யாருமே ஒன்றும் சொல்லவில்லை, இவளுக்கு என்ன சிரிப்பு? டீச்சருக்குத் தலை சுற்றியது.

வகுப்பு முடிந்ததும் ராகவியை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்மா, நீ வீட்ல தமிழ் பேசறதே இல்லையா?"

"கதைக்கிறனான் டீச்சர்."

குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்டது. இவள் எப்போதுமே அப்படித்தான். பாதி நேரம் வாய் மட்டும்தான் அசையும்.

"யாரோட பேசுவ?"

"அம்மாவோட. ஒவ்வொரு நாளும் கதைக்கிறனான்."

"பொய் சொல்லாதே. இதுல ஒண்ணுமே இல்லியே!"

"உண்மையா டீச்சர். எங்கட முகம் வடிவாத் தெரியிற மாதிரி டேப்லெட்டை நிமித்தி வச்சிட்டுத்தான் கதைச்சனான்."

முகம் தெரிகிற மாதிரியா? முகத்துக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பெண் தெரியாமல் பேசுகிறதா, தெரிந்தே மழுப்புகிறதா? டீச்சருக்குக் குழப்பம் போய் எரிச்சல்தான் வந்தது.

"சாரிம்மா. அடுத்த டெர்ம் நீ மழலை வகுப்பு."

"ஸ்ருதியும் வருவாளோ?"

இந்தப் பள்ளியில் ராகவிக்கு இருக்கிற ஒரே சிநேகிதி ஸ்ருதிதான்.

"ஸ்ருதி பாஸ்."

ராகவியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அழுகையிலும் சத்தமில்லை. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையைச் சொல்லி என்ன பிரயோசனம்? பெற்றவளுக்கு அக்கறை இருக்க வேண்டும். எத்தனை தடவை போன் செய்தாலும் எடுக்காத மகராசி அவள்! இன்றைக்கு நேரிலேயே கேட்டுவிடலாம் என்று டேப்லெட்டும் கையுமாக ராகவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கார் பார்க்கிங்கில் ராகவியின் அம்மா கிருசாந்தி காத்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் கார்க் கண்ணாடியை இறக்கிப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகை டீச்சரை இன்னும் கிளப்பிவிட்டது. வாரம் முழுக்க ஆபீஸில் பேசிப் பேசி, கோபம் வந்தால் டீச்சருக்கு இங்கிலீஷ்தான் வாயில் வரும்.

"லுக், திஸ் இஸ் நாட் ஃபேர்! யூ ஹாவ் டு டாக் டு ஹர் அட் ஹோம்! இன் டமில்!"

கிருசாந்தி டீச்சரின் வாயையே உற்றுப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் புரியாத பாவனை. பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

ராகவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். சத்தமே இல்லை. கிருசாந்தியும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, கையையும் ஆட்டி ஏதோ சொன்னாள். ராகவி மறுபடி ஏதோ சொன்னாள். இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை. கடைசியில் கிருசாந்தி மகளின் கன்னத்தைத் தட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

அதே சிரிப்பு!

டீச்சர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். ராகவியைப் பார்த்தாள்.

"ராகவி... என்னம்மா இது?"

"அம்மாவுக்குக் காது கேக்காது டீச்சர். வாயைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுவா. அதால வீட்டில நாங்கள் சத்தம் போட்டுக் கதைக்கிறேல்லை." ராகவி கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அவவுக்கு இங்கிலீஷ் வாய் விளங்காது. தமிழில கதையுங்கோ டீச்சர்."