ஒரு தட்டு என்றால் நில்

தொம்... தொம்...

சின்ன வயதில், அப்பாவின் லாரியில் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகைப் படுக்கையில் படுத்தபடி அவன் கேட்ட சத்தம் அது. வண்டி பின்னால் போகும்போது கிளீனர் பின்பலகையில் உள்ளங்கையால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். காதில் விழுவதற்கு முன்பே அது நெஞ்சில் விழும்.

வளர்ந்து டிரைவரானதும், அந்தத் 'தொம்'மைத் தன் வண்டிப் பாட்டிலும் கேட்க ஆசைப்பட்டான். கையில் காசு கம்மி. பழைய ஸ்பீக்கர் இரண்டைத் தேடிப்பிடித்துத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தான். அவர் பேக்கிங் பலகையில் பெட்டி அடித்து, கிழிந்த தலையணையின் பஞ்சை உள்ளே திணித்து, மாட்டிக் கொடுத்தார்.

பாட்டு வந்தது. அந்தத் 'தொம்', அதாவது பேஸ், வரவில்லை. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருந்தது.

ஒருநாள் மெக்கானிக்கின் கடைக்குள் நுழையும்போதே கத்தினான்.

"யோவ்! எந்திரிய்யா!"

மெக்கானிக் எழவில்லை. அவருக்கு வலது கால் முழங்காலோடு சரி. கட்டைக்காலை மாட்டிக்கொண்டு எழ நேரமாகும்.

லாரிப்பேட்டையில் அவருக்கு 'மொடா' என்று பேர். மொடாக்குடியனின் சுருக்கம். கிளீனராக இருந்த காலத்தில் குடித்துவிட்டு, ஓடுகிற லாரியிலிருந்து விழுந்து காலை விட்டவர் என்பது பேட்டையே அறிந்த கதை. சிறுவனாக இருந்தபோது ஒரே ஒருமுறை அந்தப் பேரைச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் பல் ஆடுகிற மாதிரி அறை வாங்கியிருக்கிறான். அன்றிலிருந்து 'சித்தப்பா'தான்.

இந்தக் கோபத்தில் சித்தப்பாவும் இல்லை, கொத்தப்பாவும் இல்லை.

"எதுக்குடா இந்தக் கத்து கத்துறே?"

"ஒரு ஸ்பீக்கர்ல ஒயரை மாத்திக் கொடுத்திருக்கே. சிவப்பு போற இடத்துல கறுப்பு. ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது. ஒண்ணை ஒண்ணு தின்னுட்டா பேஸ் எங்கேருந்துய்யா வரும்? எதிர்க்கடைக்காரன் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவன் மாத்திப் போட்டான், இப்ப சும்மா அதிருது!"

"மாத்திட்டானா?" மெக்கானிக்கின் முகம் சுருங்கியது.

"மாத்திட்டான். நீ கைதவறிப் போட்டியா, இல்ல ஊத்திக்கிட்டுப் போட்டியா?"

"தெரிஞ்சேதான் போட்டேன்."

பின்னாலேயே வந்து நின்ற மனைவி அவன் கையைப் பிடித்தாள். அவள்தான் இப்போது அந்த வண்டிக்குக் கிளீனர். வெளியாள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை.

"என்னங்க, பெரிய மனுஷர்கிட்ட போயி..."

"நீ சும்மா இரு! தெரிஞ்சே போட்டானாம்! நான் கிறுக்கன் மாதிரி பழைய இரும்புக் கடை ஒண்ணு விடாம அலைஞ்சிருக்கேன். உனக்கு மொடான்னு பேர் வச்சவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்யா!"

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் கட்டைக்காலை எடுத்து மாட்டினார். வார் இறுகியதும் கத்தியது அவர்தான்.

"ஏறுடா வண்டில! இன்ஜினைப் போடு, கியர் போடாதே. பாட்டை முழுசா வை. மருமகளே, நீ பின்னால போ. வண்டி உன் மேல வருதுன்னு நெனைச்சுக்கிட்டுப் பலகையைத் தட்டு."

அவன் முறைத்துக்கொண்டே ஏறினான். பாட்டை வைத்தான்.

கதவு அதிர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. அந்தத் 'தொம்' பெட்டியிலிருந்து கிளம்பி முதுகு வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது. இத்தனை வருஷம் தேடியது இதைத்தான். வந்த கோபம்கூட ஒரு கணம் மறந்துபோனது.

பாதிப் பாட்டில் குறைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"எங்கே, தட்டச் சொல்லுய்யா!"

மனைவி முன்பக்கம் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கன்றிச் சிவந்திருந்தது.

"இதுக்கு மேல எப்படித் தட்டுறதாம்? செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரிதான்!"

அவன் இறங்கினான். கோபம் இறங்கவில்லை. எங்கே போய் நிற்பதென்று அதற்குத் தெரியவில்லை.

"இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? திருட்டுத்தனமா ஒயரை மாத்தணுமா?"

"சொன்னா கேட்டிருப்பியா? உங்கப்பன்கிட்ட வாயைத் திறந்துதான் சொன்னேன்."

"எங்கப்பாகிட்டயா? அவர் சாகுறவரைக்கும் வண்டில ரேடியோவே வச்சதில்லையே! வீட்டுலகூட வாங்க விட்டதில்லையே!"

"வச்சிருந்தான். ஒரே ஒரு நாள். ஆசையா வாங்கி மாட்டினான். மறுநாள் குடோன்ல பாட்டுக் கேட்டுக்கிட்டே ரிவர்ஸ் எடுத்தான்." மெக்கானிக் கட்டைக்காலைத் தரையில் ஒருமுறை ஊன்றினார். "சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல நின்னு நான் தட்டிக்கிட்டே இருந்தேன்டா. நீ படுக்கையில தூங்கிக்கிட்டிருந்தே."

மனைவி சிவந்த கையை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

"அப்போ... சித்தப்பா..."

"உங்கப்பனுக்கு லைசன்ஸ் இருந்தாத்தானே உனக்குச் சோறு? விடு அந்தப் பேச்சை. அந்தக் கட்டரை எடு. பேஸ் இருந்துட்டுப் போகட்டும். ரிவர்ஸ் லைட்டுலேருந்து ஒரு ஒயர் இழுத்துடலாம். ரிவர்ஸ் கியர் விழுந்தா பாட்டு தானா அணையணும். அப்படி அணைக்கப் பழைய ரிலே ஒண்ணு சும்மாதான் கிடக்கு."

அந்த வண்டியில் இன்றைக்கும் பேஸ் அதிர்கிறது. பின்னால் எடுத்தால் அணைகிறது.

மெக்கானிக் போன வருஷம் இறந்துபோனார். மொடா போயிட்டாரு என்று பேட்டையே திரண்டு வந்தது.

வாழ்நாளில் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.