டாக்டர் சம்மதித்துவிட்டார்

“சரி, ஊசி வச்சிக்குங்க,” என்றார் டாக்டர் எழிலன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

அக்காவின் கணவரை, என் மாமாவை, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நாள் முதலாய் இதைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெண்ணாடத்தில் கரும்பு வெட்டும்போது காலில் கத்தி இறங்கிவிட்டது. சர்க்கரை உடம்பு வேறு. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அதை எதிர்க்கிறேன் பேர்வழி என்று உடம்பு தன்னையே எரித்துக்கொள்கிறது என்று டாக்டர்தான் விளக்கினார். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஜுரம் இறங்கியபாடில்லை. நாங்கள் ஐ.சி.யூ. வாசல் தரையில் படுத்து எழுந்து, களைப்பு என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தோம்.

நான் கடலூரில் அக்குபங்சர் பார்க்கிறவன். மூட்டுவலி, தலைவலி, இதுதான் என் பிழைப்பு. முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளி உண்டு. அங்கே ஊசி வைத்தால் இந்த அழற்சி அடங்கலாம் என்று எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொன்னதற்கு, “உங்க மாமா என்ன எலியா?” என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

கோபம் வந்தது. ஆனாலும் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கிருமியோடு போராடுகிற உடம்பில் இன்னொரு துளை எதற்கு? மாமாவைக் காப்பாற்றத்தான் என்னைத் துரத்தினார்.

இப்போது அவரே சம்மதிக்கிறார்.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியாடா, டாக்டரே ஒத்துக்கிட்டாரு. நீ கை வச்சா சரியாப்பூடும்னு நான் அப்பவே சொல்லல?”

நான் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று தினமும் அதட்டும் நர்ஸ் சௌந்தரம், எங்கள் இருவரையும் விட்டார். நான் உட்கார ஸ்டூலும் இழுத்துப் போட்டார்.

மாமாவின் கால் சில்லென்றிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்தேன். எத்தனையோ பேருக்கு வைத்த கை, அந்தப் புள்ளியைத் தேடித் தடவிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஊசியை இறக்கினேன். மாமாவின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“வலிக்கவே இல்ல பாரு அவருக்கு,” என்றாள் அக்கா பெருமையாக.

அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நர்ஸ் அக்காவின் தோளைத் தொட்டார். “பொண்ணுங்க ரெண்டும் வெளியதான நிக்குது? அவுங்களயும் கூப்புடுங்கம்மா. எவ்ளோ நேரம் வேணாலும் இருக்கட்டும்.”

இத்தனை நாளில் அந்தப் பிள்ளைகளைக் கதவுப் பக்கமே விட்டதில்லை.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வெளியே அவள் குரல் கேட்டது.

“வாங்கடி, உள்ள விடுறாங்க! அப்பாவுக்குத் தேவலாம் ஆயிடுச்சு!”