பூர் சிங் வீட்டுக் கிணறு

பெண் கொடுக்க வந்த ஜேட்மாலுக்கு ஒரே ஒரு கவலை. "இந்த வறண்ட ஊர்ல என் பொண்ணு குடம் தூக்கணுமா?"

ஊர்த் தலைவர் பூர் சிங் மீசையைத் தடவினார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க தண்ணிக்கு வாசல் தாண்டினதில்ல. கொல்லையிலேயே கிணறு. குடிச்சுப் பாருங்க."

ஜேட்மால் குடித்தார். அருமையான தண்ணீர்.

அப்போது, ஊருக்கு வெளியே குடிசை போட்டிருக்கும் ஜம்கு, தலையில் இரண்டு குடங்களோடு வந்தாள்.

பூர் சிங் அதட்டினார். "ஏய், விருந்தாளி இருக்கறது தெரியல? உன் நிழல் படாம அப்படியே திரும்பிப் போ."

அவள் குடங்களோடு திரும்பி நடந்தாள்.

"நாலு மைல் நடந்து தண்ணி சுமக்கன்னே பொறந்த ஜென்மங்க," என்றார் பூர் சிங்.

ஜேட்மால் சிரித்தார். "இன்னொரு சொம்பு குடுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து பூர் சிங்கின் மனைவி பேசினாள். "பானை காலி. கிணறு உப்பாகி ரெண்டு வருஷம் ஆச்சு. அவ கொண்டாந்து ஊத்தறதைத்தான் குடிக்கிறோம். இப்ப அவளையும் விரட்டிட்டீங்க."

ஜேட்மால் எழுந்து செருப்பைத் தேடினார். பூர் சிங் அவரைத் தடுக்கவில்லை. குடங்கள் மணல்மேட்டைத் தாண்டுவதற்குள் பிடித்தாக வேண்டும். தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடினார்.

"ஜம்கும்மா, கொஞ்சம் நில்லு தாயி."