ஜோடி பார்க்கப் போன காளை

வலது தோளில் ஈரமண் மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி கனத்தது. கையைத் தூக்கினால் பிடரி வரைக்கும் சுரீரென்று இழுத்தது. அமாவாசை பல்லைக் கடித்துக்கொண்டு, பெரம்பலூர் டூரிங் கொட்டகையின் தரை மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தான்.

அந்த உடம்புக்குப் பாயும் வெந்நீரும்தான் வேண்டும். அவனோ காட்டுப் பாதையில் நடையாய் நடந்து சாயங்கால ஆட்டத்துக்கு வந்திருக்கிறான். அதுவும் பார்த்த படத்துக்கே.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பூமாலையின் வண்டியில் வந்திருந்தான். கூட்டம் கலைவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பூமாலை அவசரப்படுத்தியதில் கடைசி ரீல் போய்விட்டது. கதாநாயகன் மாட்டினானா இல்லையா என்று தெரியவில்லை. போலீசு வந்து விலங்கு மாட்டாமல் எந்தப் படமும் முடியாது என்று பூமாலை வழிநெடுக அடித்துச் சொன்னான்.

அதைப் பார்க்கத்தான் இந்த நடை. விலங்கு இல்லாவிட்டாலும் போகிறது. யாராவது அந்தப் பயலை ஓங்கி ஒரு அறை விட்டால் போதும். அமாவாசை கொஞ்ச நாளைக்காவது நிம்மதியாகத் தூங்குவான்.

இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், அவன் பெண்டாட்டி மருதாயி. விஷயம் என்னவென்று சொல்லாமல், நீயே வந்து பார் என்று இழுத்து வந்திருந்தான்.

விளக்கு அணைந்தது. கதாநாயகன் முகம் திரை நிறைய வந்தது. மருதாயி சுவர் வழியாகக் கையை நீட்டி அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

கதாநாயகன் பண்ணாத அட்டூழியம் இல்லை. இட்லிக்காரியிடம் வயிறு முட்டத் தின்றுவிட்டு, காசு கேட்டதும் இட்லியில் பல்லி கிடந்ததாக ஊரைக் கூட்டினான். குருடனின் தடியைப் பிடுங்கி மாங்காய் அடித்தான். ஒவ்வொன்றுக்கும் கொட்டகை உருண்டு புரண்டது.

பிறகு மாட்டுக் காட்சி வந்தது.

ஒரு சம்சாரி வீட்டுக்குப் போகிறான். தன்னிடம் ஒற்றைக் காளை இருக்கிறதாம், அதற்கு ஜோடி தேடுகிறானாம். உயரத்திலும் கொம்பிலும் சம்சாரியின் காளை அதை உரித்து வைத்திருக்கிறதாம். சந்தையில் அளவு காட்ட ஒரு பொழுது கொடுத்தால் போதுமாம். ஜோடி பார்க்க மாடு கேட்டால் எந்தச் சம்சாரி இல்லையென்பான்? இன்றைக்கு இவன், நாளைக்கு நாம். சம்சாரி காளையை அவிழ்த்துக் கொடுக்கிறான். அவன் பெண்டாட்டி, வழியில் மாட்டுக்குப் பசிக்குமே என்று ஒரு கட்டு வைக்கோலும் கட்டிக் கொடுக்கிறாள்.

அடுத்த காட்சியில் கதாநாயகன் ரயிலில் பட்டணம் போகிறான். காளை விற்ற காசு மடியில், வைக்கோல் கட்டு தலைக்கு. சம்சாரி அந்தி வரைக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பக்கத்தில் இருந்த தலைப்பாகைக்காரன் அமாவாசையின் தொடையில் அறைந்து சிரித்தான்.

"இப்புடி ஒரு கூமுட்டை எந்த ஊர்லயாச்சும் இருப்பானாய்யா?"

அமாவாசை தொடையைத் தடவிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் மருதாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பாவம், அழுகிறாள் என்று எட்டிப் பார்த்தான்.

சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வர, அடக்கமாட்டாமல்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். வண்டி கட்டி வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அமாவாசை மணலை இன்னும் கொஞ்சம் குவித்து உயர்த்திக்கொண்டான்.

கடைசி ரீலில் போலீசு வந்தது.

அமாவாசை முழங்காலில் நிமிர்ந்தான். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லி வைதார்கள்.

போலீசு கதாநாயகனுக்குச் சலாம் போட்டது. ஜமீன்தார் மகளுக்கும் அவனுக்கும் கல்யாணமாம், பந்தோபஸ்துக்கு வந்தார்களாம். இட்லிக்காரி ஆரத்தி எடுத்தாள். குருடன் வாழ்த்திப் பாடினான். சம்சாரி மட்டும் வரவில்லை. அவனுக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

கதாநாயகன் மாலையும் கழுத்துமாகத் திரும்பி, கொட்டகையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். முன்வரிசையில் சிலர் பதிலுக்குக் கும்பிட்டார்கள். கும்பிட்டே பழகிய கை, அமாவாசைக்கும் எழுந்தது. நல்லவேளை, தோள் விடவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது.

மருதாயி எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். சிரிப்பெல்லாம் வடிந்திருந்தது.

"எந்திரிய்யா. விடிஞ்சா வெங்காயத்துக்குத் தண்ணி எறைக்கணும். எடத்து மாடு நீதான."

கதாநாயகனாக நடித்தவனுக்குத் திரையில் என்னமோ பெரிய பெயராகப் போட்டார்கள். அமாவாசையின் ஊரில் அவன் வெறும் உத்திராபதி. யுத்தம் முடிந்த வருஷம், அந்திக்குள் கொண்டுவந்து கட்டிவிடுகிறேன் என்று ஜோடி பார்க்க அமாவாசையின் செவலைக் காளையைப் பிடித்துக்கொண்டு போனான். அரியலூர் ஸ்டேஷனில் அவன் பட்டணத்து ரயில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. அன்றிலிருந்து நுகத்தடியில் வலத்துப் பக்கம் மயிலைக் காளை, இடத்துப் பக்கம் அமாவாசை.

அன்று தான் கட்டிக் கொடுத்த வைக்கோல் போனால் போகிறது என்று மருதாயி விட்டுவிட்டாள். செவலைக் காளை ஒன்று, உத்திராபதி இன்னும் தர வேண்டும்.